மூன்று புயல் விழுந்தால்

மார்ச் 3, ஞாயிறு

என் பெண் மிளகு இன்றைக்கு ஒரு டப்பா கொண்டுவந்தாள். மூக்குக்கண்ணாடி வைக்கிற டப்பா. கறுப்பு, நீளம், மூடினால் டப்பென்று கடிக்கிற ரகம். உள்ளே ஆறு பகடைகள்.

நான் காலையிலேயே மேசைமேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்துவிட்டு ‘ஒன்பது துறைமுகம்’ பலகையைத் தயாராக வைத்திருந்தேன். போன ஞாயிறு எங்கே விட்டோமோ அதே இடம். அவளுடைய மூன்று கப்பல்கள் நான்காம் துறையில், என்னுடைய இரண்டு வடக்குக் கடலில். ஒரு காய்கூட நகரக்கூடாது என்பதற்காக வாரம் முழுக்க அந்த மேசையில் ஒரு தம்ளர் வைப்பதில்லை. தட்டைக் கையில் ஏந்தி, அடுப்புப் பக்கம் நின்றபடிதான் சாப்பாடு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். என் வளையில் இருக்கிற ஒரே மேசையை என் பெண்ணுக்கும் எனக்கும் கடலாக எழுதிவைத்தாயிற்று.

"இன்னைக்கு இதை ஆடலாம்பா. நம்ம ஆட்டம்தான். ஆனா பகடை மட்டும். பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"முடிஞ்சப்புறம்?"

"இன்னொண்ணு ஆடலாம்."

ஒரு பகடையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆமை ஓட்டு நிறம். கண்ணாடி பிரேம் செய்கிற பிளாஸ்டிக். ஒரு பக்கம் மயிரிழை கோணல். கடையில் வாங்கியதல்ல. கையால் அறுத்து, உப்புத்தாள் போட்டு, ஊசியால் கீறிச் சின்னக் கப்பலும் மூட்டையும் வரைந்து, கீறலில் நிறம் ஏற்றியிருக்கிறது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அவள் அம்மா இரண்டு வருஷம் முன்பு கட்டிக்கொண்டவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

பகடையை உருட்டுவதற்குள், நான் வேலைபார்க்கிற லிப்ட் கம்பெனியிலிருந்து ஆபீஸ் அக்காவின் போன். ஏதோ கட்டடத்தில் மூன்று பேர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். மிளகைக் கொண்டுபோய் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். ஒருவகையில் நல்லதுதான். பலகை அப்படியே இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

மனைவி போனாள், சரி. வீடு போயிற்று, அதுவும் சரி. ஆட்டத்தையுமா?

மார்ச் 6, புதன்

பகல் முழுக்க ஒரு பழைய லிப்டின் மெஷின் ரூமில். பிரேக் கட்டை தேய்ந்துபோய்க் கிறீச்சென்று கத்துகிறது. கையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மனது அந்தக் கறுப்பு டப்பாவில்.

‘ஒன்பது துறைமுகம்’ வாங்கியது நான். மிளகுக்கு அப்போது ஏழு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து, ஞாயிறு காலை மட்டும் எனக்கு என்று முடிவான புதிது. ஏழு வயதுப் பெண்ணை உட்காரவைத்து மூன்று மணி நேரம் என்ன பேசுவது என்று தெரியாமல் பொம்மைக்கடையில் போய், "இருக்கறதுலயே ரொம்ப நேரம் ஓடுற ஆட்டம் எது?" என்று கேட்டு வாங்கினேன். விதிப்புத்தகமே ஒரு நாவல் கனம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து மனப்பாடம் செய்தேன். எந்தத் துறையில் எந்தச் சரக்கு விலை போகும், எந்தக் காற்றில் எந்தக் கப்பல் நகரும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. நாலு வருஷம் நான் கட்டிய கட்டடத்துக்கு அவர் வந்து ஒரு கதவு மாட்டிவிட்டுத் திறப்புவிழா நடத்துகிறார்.

அதுவும் எப்படிப்பட்ட கதவு? வெளியே போகிற கதவு. சீக்கிரம் முடிகிற ஆட்டம் யாருக்கு வேண்டும்? சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்களுக்கு. சின்ன ஆட்டம், சின்ன ஞாயிறு. நல்ல திட்டம்தான், கண்ணாடிக்காரரே.

என் முன்னால் அவருக்குப் பெயர் கிடையாது. ‘அவர்’ என்பாள், அவ்வளவுதான். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஆடினோம். ஏழு ஆட்டம். ஏழிலும் அவள் ஜெயித்தாள்.

விதி இதுதான். எழுதிவைக்கிறேன், எதிரியின் ஆயுதம் தெரிந்திருக்க வேண்டும். ஆறு பகடை. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் கப்பல், இரண்டு பக்கம் மூட்டை, ஒரு பக்கம் கலங்கரை விளக்கு, ஒரு பக்கம் புயல். ஆறையும் தம்ளரில் போட்டு உருட்ட வேண்டும். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறுபடி உருட்டலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆனால் புயல் விழுந்த பகடை விழுந்ததுதான், அதைத் தொடக்கூடாது. மூன்று புயல் சேர்ந்தால் அந்த முறை மொத்தமும் கடலுக்குள். விளக்கு ஒன்று கையில் இருந்தால் அது ஒரு புயலைத் தடுக்கும். ஒரு கப்பலில் இரண்டு மூட்டைதான் ஏறும், கப்பல் இல்லாத மூட்டை கரையில் கிடந்து அழுகும். போதும் என்று தோன்றும்போது "கரை" என்று சொல்லி நிறுத்தி, ஏறிய மூட்டைகளை எண்ணிக்கொள்ள வேண்டும். முதலில் பதினைந்து மூட்டை சேர்ப்பவர் ஜெயித்தார். எதிராளிக்கு மட்டும் கடைசியாக ஒரு முறை உண்டு.

ஒரு முறையில் அதிகபட்சம் நாலு மூட்டை. எனக்கு நாலு வந்தால்தான் நிம்மதி. ஒரு கப்பல், இரண்டு மூட்டை கையில் இருக்கும். இன்னும் இரண்டுதானே என்று உருட்டுவேன். புயல். இன்னொரு தடவை. புயல். மிளகு இரண்டு மூட்டை ஏறினாலே "கரை" என்று தம்ளரை என் பக்கம் தள்ளிவிடுவாள்.

"உனக்கு நிறுத்தவே தெரியலப்பா."

"பெரிய ஆட்டத்துல இப்படித்தான் சேர்த்து வைக்கணும்."

"இது பெரிய ஆட்டம் இல்லையே."

நன்றாக ஆடுகிறாயே, யாரோடு பழகினாய் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அங்க தினமும் ஆடுறோம்" என்றாள்.

தினமும். எனக்கு வாரத்தில் ஒரு காலை. அவருக்குத் தினமும். சாப்பிட்டபின் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவார்களாயிருக்கும். அவள் அம்மாவும் பக்கத்தில் இருப்பாளோ? நான் கணவனாக இருந்த காலத்தில் ஒரு சீட்டுக்கட்டைக் கையால் தொட்டவளில்லை அவள்.

பதினொரு மணிக்கெல்லாம் இரண்டு பேருக்கும் ஆடி அலுத்துவிட்டது. பலகையைத் திறக்கட்டுமா என்றேன். "வேணாம்பா" என்றாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு ஆள் சைக்கிள் சங்கிலி மாட்டுவதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன், நல்லா இருக்கு என்றாள். இதைத்தான் நான் சொன்னேன். சின்ன ஆட்டம் முடிந்தபின் இதுதான் மிஞ்சும்.

மார்ச் 12, செவ்வாய்

மிளகின் அம்மா போன் செய்தாள்.

முன்பெல்லாம் என்னை ‘நீ’ என்பாள். கோர்ட்டுக்குப் போய் வந்தபின் ‘நீங்க’. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

"அவளை நீச்சல் கோச்சிங் சேர்க்கிறோம். இந்த மாசக் கடைசியில இருந்து ஞாயித்துக்கிழமை காலையில கிளாஸ். அதான் சொல்லிடலாம்னு."

"ஞாயித்துக்கிழமை காலை என்னோடது."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

"கேக்கல. சொல்றீங்க."

பிறகு, "அவளுக்குப் பதினோரு வயசாச்சு. அவளே முடிவு பண்ணட்டும். இருபத்தி நாலாம் தேதி வரும்போது நீங்களே கேளுங்க. அவ என்ன சொன்னாலும் எனக்குச் சரி" என்றாள்.

என்ன தாராளம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. என் ஞாயிறை எடுத்து இவர்கள் பரிமாறுகிறார்கள்.

இப்போது எல்லாம் வரிசையாகப் புரிகிறது. முதலில் பகடை. பெண்ணைச் சீக்கிரம் முடிகிற ஆட்டத்துக்குப் பழக்கு. அப்புறம் நீச்சல். அப்புறம், "மத்தியானம் ஒரு மணி நேரம் வந்துட்டுப் போறேன்பா, அதுவே போதும்ல?" வயிறு எரிகிறது. எழுதினால் அணையும் என்று பார்த்தேன், அணையவில்லை.

மார்ச் 14, வியாழன்

கடையில் சாதாரணப் பகடை ஆறு வாங்கிவிட்டேன். ஒன்றும் இரண்டும் கப்பல், மூன்றும் நாலும் மூட்டை, ஐந்து விளக்கு, ஆறு புயல். மெஷின் ரூம் தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்கு நானே எதிராளி. ஒரு தடவை உருண்ட பகடை கயிறு இறங்குகிற ஓட்டை வழியாகக் கீழே போய்விட்டது. லிப்டை நிறுத்தி, குழிக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கில் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் படியேறிப் போய்க்கொண்டே, "என்ன சார், பெரிய ரிப்பேரா?" என்றார்.

"ஆமா சார், கொஞ்சம் பெரிசுதான்."

இருபத்தி நாலாம் தேதிக்குள் நான் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் என்ன ஆகும்? தெரியாது. தோற்கிற அப்பாவோடு முழு ஞாயிறும் உட்கார யாருக்குப் பிடிக்கும்?

மார்ச் 17, ஞாயிறு

இன்று இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதில் மிளகு பதினாலில் நின்றாள், நான் பதினொன்று. நாலு வேண்டும், நாலே வந்தது. அவள் கைதட்டினாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"அவருக்கு இப்படி வந்ததே இல்ல" என்றாள். அப்புறம் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். அவர் தம்ளரை எப்படிக் குலுக்குவார், புயல் விழுந்தால் எப்படித் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சரிவார், அம்மா அதைப் பார்த்து எப்படிச் சிரிப்பாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடித்துக்காட்டினாள். நானும் சிரித்தேன். வாய்தான் சிரித்தது.

போன் வந்தது. வணிக வளாகத்தில் கதவு சென்சார் போய்விட்டதாம். கிளம்பும் அவசரத்தில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்க, நான் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். ஐந்தை. ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எதுக்குப் போட்டேன்? சத்தியமா தெரியாது. கை தானாப் போச்சு. நாப்பத்தி ரெண்டு வயசு ஆம்பளை, பெத்த பொண்ணோட பகடையைத் திருடுறேன்.

மார்ச் 18, திங்கள்

ஐந்து பகடை வைத்து ஆட முடியாது. இன்று அவர்கள் வீட்டில் ஆட்டம் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 20, புதன்

மிளகு போன் செய்தாள்.

"அப்பா, அங்க ஒரு பகடை கிடக்கா பாரேன். அந்தக் கோணல் பகடை. மேசைக்கடியில, கட்டிலுக்கடியில."

"இரு, பாக்கறேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இரண்டு தடவை நகர்த்திச் சத்தம் எழுப்பினேன். அது சட்டைப்பையில் இருக்கிறது, நான் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறேன். யாருக்காகக் குனிந்தேன் என்று தெரியவில்லை. போனுக்குக் கண் கிடையாதே.

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"சரி, பரவாயில்ல. அவர்கிட்ட சொல்றேன்." குரல் சின்னதாகிவிட்டது. "அவர் எதுவும் சொல்ல மாட்டார். ஆனா ரொம்ப நாள் உட்கார்ந்து செஞ்சது."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியவில்லை.

மார்ச் 21, வியாழன்

ஆபீஸ் அக்காவிடம் சொன்னேன். எங்கள் கம்பெனிக்கு வருகிற எல்லாப் போனையும் எடுத்து எங்களை அங்கும் இங்கும் விரட்டுகிறவர். நேரில் பார்ப்பது சம்பள நாளில் மட்டும். பாதி ரகசியம் அவரிடம்தான். முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

"தம்பி, ஒண்ணு சொல்லு. அந்த ஆளைப் பிடிக்கலையா, இல்ல, அந்த ஆளை உன் பொண்ணுக்குப் பிடிச்சிருக்கறது பிடிக்கலையா?"

"ரெண்டும்தான்க்கா."

"முதல்ல பகடையைக் குடு. அப்புறம் எது பிடிக்கலைன்னு யோசி."

மார்ச் 22, வெள்ளி

கண்ணாடிக்கடைக்குப் போனேன். பகடையைக் கொடுக்கவும், நாலு வார்த்தை கேட்கவும்.

அவர் வேலைமேசையில் குனிந்திருந்தார். வாசலில் மிளகை விடும்போதும் கூட்டிவரும்போதும் தலையசைத்துக்கொள்வதோடு சரி, நாங்கள் உட்கார்ந்து பேசியதே கிடையாது. "வாங்க, வாங்க" என்று எழுந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மேசை விளக்கின் கீழ் ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு துண்டு, பாதி அறுத்தது. பக்கத்தில் அரம்.

"ஒரு பகடை காணோம்னு பாப்பா ரொம்ப வருத்தப்பட்டா. அதான் புதுசா ஒண்ணு" என்றார்.

நான் கோணல் பகடையை எடுத்து அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"பையில."

யார் பையில் என்று அவர் கேட்கவில்லை. "நல்லதாப் போச்சு. இந்தப் புயலைக் கீறறதுதான் சார் கஷ்டம், சுழி சரியா வராது" என்று சொல்லி, ஒரு துணியில் துடைத்து, சின்னப் பையில் போட்டு வைத்தார். நல்லவராக இருப்பது சிலருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

வந்த வேலையை விடக்கூடாது என்று கேட்டேன். "எங்க ஆட்டத்தை எதுக்குச் சின்னதாக்குனீங்க?"

அவர் முகத்தில் நிஜமான குழப்பம். "நானா? எனக்கு அந்தப் பெரிய ஆட்டம் எப்படி இருக்கும்னே தெரியாது சார். ஆறு கட்டை வேணும், இதுல கப்பல், இதுல மூட்டைன்னு அவதான் வந்து நின்னா. விதி பூரா அவளோடது. ரெண்டு மாசமா என்னை உட்கார வச்சு ஆடிப் பாத்துட்டே இருக்கா. முதல்ல இருபது மூட்டைன்னு வச்சா. நேரம் ஆகுதுன்னு பதினஞ்சாக்கினா. சில நாள் எனக்குத் தூக்கமே வந்துடும், விடமாட்டா."

"அப்படி என்ன அவசரம் அவளுக்கு?"

அவர் அரத்தை எடுத்து, வேறு இடத்தில் வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"உங்களுக்குப் போன் வர்றதுக்குள்ள முடியணுமாம் சார்."

கடைக்குள் ஒரு பெண் பிரேம் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது செய்ய வேண்டுமே என்று கையில் அகப்பட்ட ஒரு சீட்டை எடுத்துப் படித்தேன். கையை நீட்டிப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது.

"நாப்பது தாண்டிட்டா யாருக்கும் கை நீளம் பத்தாது சார். உட்காருங்க, டெஸ்ட் பண்ணிடலாம்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று கிளம்பிவிட்டேன். வாசல்வரை வந்தார். அங்கே நின்று, இத்தனை நாள் வராத தைரியம் எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன். "உங்களை அவ என்னன்னு கூப்பிடுவா?"

சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"ஹலோன்னு. ரெண்டு வருஷமா ஹலோதான்."

பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி. பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

மார்ச் 23, சனி

நாலு வருஷம். எத்தனை ஆட்டம் முடித்தோம் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. பாதியில் நின்றால் அடுத்த ஞாயிறு கட்டாயம் வருவாள் என்று ஒரு கணக்கு. அவள் பக்கம் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை.

மாலையில் பலகையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

உள்ளே வந்ததும் நின்றாள். "மேசை இவ்வளவு பெருசாப்பா?"

கப்பலெல்லாம் எங்கே, யார் ஜெயித்ததாக வைத்துக்கொள்வது என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மேசைமேல் முழங்கை இரண்டையும் விரித்து வைத்து அளந்து பார்த்தாள்.

டப்பாவில் ஆறு பகடை இருந்தது. உருட்டப் போகும்போது, "நீதான எடுத்த?" என்றாள். அவர் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும். இவள் என் பெண்.

"ஆமா."

"எதுக்கு?"

"பொறாமை."

"அவர் மேலயா?" கொஞ்சம் யோசித்தாள். "அவர் ஜெயிக்கவே மாட்டார்ப்பா. அவரும் உன்ன மாதிரிதான். நிறுத்தத் தெரியாது."

மூன்று ஆட்டம் ஆடியபின் நீச்சலைப் பற்றி நானே எடுத்தேன். உனக்கு என்ன வேண்டுமோ சொல், அம்மாவுக்காகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம் என்றேன். ‘எனக்காகச் சொல்’ என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். நீச்சல்குளம் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஞாயிறு காலை தவிர, செவ்வாயும் வியாழனும் சாயங்காலப் பயிற்சி. பயிற்சி முடிந்து வீட்டிலிருந்து கூட்டிப்போக ஆள் வரும்வரை அரைமணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்போ இங்க வந்துடறேன். ரெண்டு ஆட்டம் முடிக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை வேணாம்பா."

அவளே தொடர்ந்தாள், தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை பூரா உன் போனையே பாத்துட்டு உட்கார்ந்திருப்பேன். எப்போ அடிக்கும்னு."

அந்த நேரம் பார்த்து அது அடித்தது. அவள் தலை நிமிரவேயில்லை. முதல் தடவையாக நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரோ லிப்டில் நின்றுகொண்டிருப்பார்கள். எடுத்தேன். போனேன். அதுதான் என் வேலை.

மார்ச் 25, திங்கள்

கணக்குப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம். பங்கு பிரித்ததில் யாருக்கு லாபம்? அவருக்கு ஞாயிறும் முழுசாகப் போகிறது. குளத்தங்கரையில் துண்டு வைத்துக்கொண்டு அவர்தான் நிற்பார்.

ஆனாலும் மிளகின் அம்மாவுக்குப் போன் செய்து ‘சரி’ என்றேன். "நிஜமாவா?" என்றாள். ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’வும் இல்லை.

ஆபீஸ் அக்காவிடமும் சொன்னேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம் அந்த அரைமணிக்கு மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள் என்று. "நாலு வருஷமா இதை ஏன் கேக்கல?" என்றார். கேட்டிருக்கலாம்.

மார்ச் 31, ஞாயிறு

மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசிக்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

வந்தாள். ஈரத் தலை, குளோரின் வாசம், பசி. இரண்டு முட்டையும் ரொட்டியும் தின்று முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. ஒரு ஆட்டம்தான். ஆனால் முடிந்தது. அவள் பதினாறு, நான் பதிமூன்று. முடிந்த ஆட்டத்தை எழுதும்போது ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

சாப்பிடும்போது பேசினாள். பயிற்சிக்கு வரும் ஒருத்தி தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கவே மாட்டாளாம். இவளுக்கு டைவ் அடிக்க இன்னும் பயமாம். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். யாரிடமும் என்றால் அவரிடமும்தானே என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

வரவில்லை. காய்ச்சல் என்று அவள் அம்மா செய்தி அனுப்பினாள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது யார்? அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். இங்கே நான் முட்டையை வேகவைத்துவிட்டு நானே தின்றேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கூட்டிப்போக அவள் அம்மா வரவில்லை, அவர் வந்தார். கீழே வண்டியில் இருந்தபடி ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தார். ஜன்னலில் பார்த்த மிளகு, "வரச்சொல்லவாப்பா? ஒரு ஆட்டம்?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. ஒன்றும் சொல்லத் தக்கதாயில்லை.

வந்து மேசையின் மூன்றாவது பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் முறையே ஒரு கப்பல், இரண்டு மூட்டை. நிறுத்தியிருக்கலாம். உருட்டினார். புயல். இன்னொரு தடவை. புயல். "வேணாம், நிறுத்துங்க" என்று என் வாயே சொல்லிவிட்டது. கேட்கவில்லை. மூன்றாவது புயல். மிளகு நடித்துக்காட்டிய மாதிரியே தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

நான் மூன்றில் "கரை" என்றேன். மிளகு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மொத்தத்தில் மிளகு முதல், நான் இரண்டாவது. அவர் ஐந்தே மூட்டை. கடைசி இடம். அந்தக் கடைசி இடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இரண்டு ஆட்டம் முடித்தோம். ஆளுக்கு ஒன்று. டைவ் அடித்துவிட்டாளாம். வயிறு தண்ணீரில் பட்டுச் சிவந்துபோயிற்று, தூக்கிக் காட்டினாள். இங்கேதான் முதலில் சொல்கிறாள். வீட்டுக்கு இன்னும் போகவில்லையே.

கீழே ஹாரன் கேட்டதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். நான் பகடைகளைப் பொறுக்கி, ஆறையும், டப்பாவில் போட்டு நீட்டினேன்.

"இங்கேயே இருக்கட்டும்பா. எப்படியும் நாளன்னைக்கு வருவேன்ல. எதுக்குத் தூக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வரணும்?"

படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

டப்பா மேசைமேல் இருக்கிறது. அந்த வீட்டில் வியாழன் வரைக்கும் பகடை கிடையாது. சாப்பிட்டுவிட்டு மேசையைத் துடைத்து உட்கார்ந்து அவர் என்ன செய்வார், பாவம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.